இங்கிலாந்தில் செத்தவீடு: வைத்தியரின் கையெழுத்திலிருந்து அஸ்தி கைக்கு வரும்வரை

ஊரில் ஒருவர் காலையில் கண்ணை மூடினால், பெரும்பாலும் மறுநாள் பொழுது சாய்வதற்குள் கொள்ளி வைத்துவிட்டு வீடு திரும்பிவிடுவோம். கடதாசி வேலைகள் பின்னால் ஆறுதலாக நடக்கும். இங்கிலாந்தில் இந்த ஒழுங்கு தலைகீழாக இருக்கிறது. எல்லாக் கடதாசிகளும் முடிந்து, கடைசிக் கையெழுத்தும் விழுந்த பிறகுதான் பெட்டி உலைக்குள் போகும். அதற்கு இரண்டு வாரமும் ஆகலாம், மூன்று வாரமும் ஆகலாம். புதிதாக வந்தவர்கள் இந்தத் தாமதத்தை யாரோ வேண்டுமென்று செய்வதாக எண்ணி மனம் நொந்துகொள்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன். எந்தக் கடதாசி எதற்காக, அதில் யார் கையெழுத்திட வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்த நோவில் பாதியாவது குறையும். இங்கே சொல்லப்படுவது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும் சட்டம். ஸ்கொட்லாந்துக்கு 2016ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உண்டு. வட அயர்லாந்தின் நடைமுறையும் வேறு.

முதற் சில மணித்தியாலங்கள்

மரணம் வைத்தியசாலையில் நேர்ந்தால் உடலைப் பிணவறைக்குக் கொண்டுபோவது முதல் வைத்தியரிடம் சான்றிதழ் கேட்பது வரை அங்குள்ளவர்களே தொடங்கிவிடுவார்கள். உங்களிடம் ஒரு தொலைபேசி இலக்கத்தைத் தருவார்கள். மறுநாள் அதில் அழைத்துப் பேச வேண்டும். வீட்டில், நோயின் இறுதிக் கட்டத்தில் எதிர்பார்த்திருந்த மரணம் என்றால், பகலில் குடும்ப வைத்தியரின் நிலையத்தையும் இரவில் 111ஐயும் அழைக்க வேண்டும். மரணத்தை உறுதிசெய்ய ஒரு தாதியோ வைத்தியரோ வருவார். எதிர்பாராத மரணம் என்றால் 999. அப்போது அம்புலன்சோடு பொலிஸாரும் வருவார்கள். அவர்கள் வருவது குடும்பத்தின்மீது சந்தேகம் கொண்டு அல்ல. எதிர்பாராத மரணம் எதுவானாலும் இதுதான் வழமை. அவர்கள் சொல்லும்வரை உடலைக் குளிப்பாட்டவோ உடை மாற்றவோ வேண்டாம்.

இறுதிக்கிரியையை நடத்தித் தரும் மலர்ச்சாலையை அந்த இரவிலேயே ஒழுங்குசெய்துவிட வேண்டும் என்ற அவசரம் தேவையில்லை. வைத்தியசாலைப் பிணவறையில் உடல் சில நாள்கள் பாதுகாப்பாக இருக்கும். யோசித்து, இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்டு முடிவெடுக்கலாம்.

சான்றிதழும் அதைச் சரிபார்ப்பவரும்

இறந்தவருக்குச் சிகிச்சை அளித்த வைத்தியர் மரணத்துக்கான காரணத்தை எழுதிச் சான்றிதழ் தருவார். ஆனால் அந்தச் சான்றிதழ் நேரே பதிவாளரிடம் போகாது. 2024 செப்டெம்பர் 9ஆம் திகதி முதல், மரண விசாரணை அதிகாரியிடம் போகாத ஒவ்வொரு மரணத்தையும், அந்தச் சிகிச்சையில் சம்பந்தப்படாத இன்னொரு மூத்த வைத்தியர் சரிபார்த்தாக வேண்டும். அவரை மெடிக்கல் எக்ஸாமினர் என்கிறார்கள். அவருடைய அலுவலகத்திலிருந்து குடும்பத்தாரை அழைத்து, எழுதப்பட்ட காரணத்தை விளக்கி, சிகிச்சையைப் பற்றி ஏதேனும் கேள்வியோ மனக்குறையோ உண்டா என்று கேட்பார்கள். இந்த அழைப்பைச் சம்பிரதாயம் என்று எண்ணி "எல்லாம் சரி" என்று வைத்துவிடாதீர்கள். கேட்க ஏதாவது இருந்தால் கேட்க வேண்டிய நேரம் இதுதான். ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தயங்காமல் சொல்லலாம்.

இத்தனை கண்காணிப்பு எதற்கு என்பதற்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு. மஞ்செஸ்டருக்கு அருகே ஹைட் நகரில் குடும்ப வைத்தியராக இருந்த ஹரல்ட் ஷிப்மன், தன் நோயாளிகளில் 15 பேரைக் கொலைசெய்த குற்றத்துக்காக 2000ஆம் ஆண்டு தண்டிக்கப்பட்டார். பின்னர் நடந்த பொது விசாரணை, அவர் கையால் இறந்தவர்கள் 215 பேர் என்று கண்டது. கொன்றவரே மரணச் சான்றிதழையும் எழுதினார். பலரின் உடல்கள் எரிந்து சாம்பலாகிவிட்டன. புதைத்த உடலை மீண்டும் தோண்டிப் பரிசோதிக்கலாம், எரித்த உடலிடம் எதையும் கேட்க முடியாது. இங்குள்ள தகனச் சட்டத்தின் கறாரான விதிகள் அனைத்தும் இந்த ஒரே உண்மையைச் சுற்றித்தான் நிற்கின்றன.

கொரோனர் தலையிட்டால்

காரணம் தெரியாத மரணம், விபத்து, தற்கொலை, வன்முறை, வேலைத்தலத்தால் வந்த நோய், காவலில் நேர்ந்த மரணம் ஆகியவை கொரோனர் எனப்படும் மரண விசாரணை அதிகாரிக்கு அறிவிக்கப்படும். உடற்கூற்றுப் பரிசோதனை அவசியம் என்று அவர் முடிவுசெய்தால் குடும்பத்தாரின் சம்மதம் தேவையில்லை. ஆயினும் உடலை அறுப்பதில் சமய அடிப்படையிலோ மன அடிப்படையிலோ மறுப்பு இருந்தால் உடனே எழுத்தில் தெரிவியுங்கள். சில பகுதிகளில் ஸ்கேன் மூலமே காரணத்தைக் கண்டறியும் வசதி இருக்கிறது. கேட்டால்தான் அது கிடைக்குமா என்று தெரியவரும். விரைவாகத் தகனம் செய்வது எங்கள் வழக்கம் என்பதையும் சொல்லலாம். சமயக் காரணத்துக்காக எவருக்கும் முன்னுரிமை தரமாட்டேன் என்று ஒரு லண்டன் கொரோனர் வைத்திருந்த கொள்கையை, யூத அமைப்பொன்று தொடுத்த வழக்கில் 2018ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் சட்டவிரோதமானது என்று தீர்ப்பளித்தது. அதற்காக உங்கள் கோரிக்கை நிச்சயம் நிறைவேறும் என்று எண்ணிவிடக் கூடாது. அதைக் கருத்தில் எடுத்தாக வேண்டும் என்பதே அதன் பொருள்.

விசாரணை மாதக்கணக்கில் நீண்டாலும் உடலை அதுவரை வைத்திருப்பதில்லை. பரிசோதனை முடிந்து, மேலும் தேவையில்லை என்றானதும் கொரோனர் தகனத்துக்கான தனிச் சான்றிதழை வழங்குவார். அதன் பெயர் கிரிமேஷன் 6. வங்கி, காப்புறுதி முதலிய வேலைகளுக்கு ஓர் இடைக்காலச் சான்றிதழும் கிடைக்கும்.

பதிவாளரிடம் போகும்போது

கொரோனர் விசாரிக்காத மரணத்தில், மெடிக்கல் எக்ஸாமினரின் அலுவலகம் சான்றிதழைப் பதிவாளருக்கு அனுப்பிய பிறகு ஐந்து நாள்களுக்குள் மரணத்தைப் பதிய வேண்டும். மரணம் நேர்ந்த பகுதியின் பதிவகத்தில் முன்பதிவு செய்து ஒருவர் நேரில் போக வேண்டும். கொவிட் பெருந்தொற்றுக் காலத்தில் தொலைபேசியிலேயே பதிந்த சலுகை 2022இல் முடிந்துவிட்டது.

இந்த இடத்தில் நம்மவர்கள் சறுக்குவது பெயரில். தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால், கடவுச்சீட்டில் ஒரு எழுத்துக்கூட்டல், வங்கியில் வேறொன்று, திருமணப் பதிவில் மூன்றாவது ஒன்று என்று நமக்கு இருக்கும் குழப்பத்தைப் பதிவாளர் அறியார். அவருடைய திரையில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள்தான் உண்டு. கடவுச்சீட்டையும் வேறு ஆவணங்களையும் கையோடு கொண்டுபோய், வேறு பெயர்களாலும் அறியப்பட்டவர் என்றால் அதையும் சொல்லிப் பதியச் செய்யுங்கள். கையெழுத்திடுவதற்கு முன் பதிவாளர் திரையைத் திருப்பிக் காட்டுவார். கண்ணீரோடு இருக்கும் நேரமாயினும் ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். பதிந்த பிழையைத் திருத்துவதற்குக் கட்டணமும் காத்திருப்பும் உண்டு. மரணச் சான்றிதழின் பிரதி ஒன்றுக்கு 12.50 பவுண் அறவிடுகிறார்கள். வங்கி, ஓய்வூதியம், ஊரிலுள்ள காணி, அஸ்தியோடு பயணம் ஆகியவற்றை எண்ணி நாலைந்து பிரதிகள் வாங்கிவிடுவது நல்லது.

பதிவு முடிந்ததும் பதிவாளர் இன்னொரு கடதாசியை மலர்ச்சாலைக்கு அனுப்புவார், அல்லது உங்கள் கையில் தருவார். எல்லோரும் அதைப் பச்சைப் படிவம் என்கிறார்கள். புதைக்கவோ எரிக்கவோ தடையில்லை என்பதற்கான அத்தாட்சி அது. கொரோனரின் கிரிமேஷன் 6 இருந்தால் இது தேவைப்படாது.

விண்ணப்பத்தில் யார் கையெழுத்திடுவது?

கொள்ளி வைப்பவர் யார் என்று நம் வீடுகளில் விடிய விடியப் பேசுவார்கள். மூத்த மகனா, கடைக்குட்டியா, மகன் இல்லையென்றால் மருமகனா, மகளே வைத்தால் என்ன என்றெல்லாம் ஆளுக்கொரு நியாயம் இருக்கும். அதே வீட்டில் மலர்ச்சாலைக்காரர் நீட்டும் கிரிமேஷன் 1 என்ற விண்ணப்பப் படிவத்தில், ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறார் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பெறாமகனை அழைத்துக் கையெழுத்திடச் செய்துவிடுவார்கள். சட்டத்தின் கண்ணில் கொள்ளி வைப்பவர் என்று ஒருவர் இல்லை. விண்ணப்பதாரர்தான் இருக்கிறார்.

2008ஆம் ஆண்டின் தகன ஒழுங்குவிதிகளின்படி, இந்தப் படிவத்தில் கையெழுத்திட வேண்டியவர் மரணசாசனத்தை நிறைவேற்றும் பொறுப்பாளர், அல்லது பதினாறு வயது நிரம்பிய நெருங்கிய உறவினர். நெருங்கிய உறவினர் என்பதற்குச் சட்டம் தரும் பொருள் நாம் நினைப்பதைவிடக் குறுகியது. கணவன் அல்லது மனைவி, பதிவுசெய்த துணை, பெற்றோர், பிள்ளைகள் ஆகியோர் அதில் அடங்குவர். மற்ற உறவினர் யாராயினும் இறந்தவரோடு ஒரே வீட்டில் வழமையாக வசித்தவராக இருக்க வேண்டும். வேறு ஊரில் வசிக்கும் கூடப்பிறந்த தம்பிகூட இந்த வரையறைக்குள் வரமாட்டார். அவ்வாறான ஒருவர் விண்ணப்பிக்கவே முடியாது என்றில்லை. நெருங்கியவர்கள் ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று அவர் விளக்க வேண்டும், தகனசாலை அதை ஏற்க வேண்டும். நெருங்கிய உறவினர் அனைவருக்கும் தகவல் தெரியுமா, எவரேனும் தகனத்துக்கு மறுப்புத் தெரிவித்தாரா என்றும் படிவம் கேட்கிறது. தெரிந்துகொண்டே பொய் எழுதுவது குற்றம்.

இந்தக் கையெழுத்தின் முழுக் கனமும் தகனம் முடிந்த பிறகுதான் தெரியும். அஸ்தியை விண்ணப்பதாரரிடம், அல்லது அவர் படிவத்தில் பெயர் குறிப்பிட்டவரிடம் மட்டுமே தகனசாலை கொடுக்கும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், மேலே சொன்னபடி பெறாமகன் ஒருவர் கையெழுத்திட்டுவிட்டு, எட்டுச் செலவு முடிந்ததும் கனடாவுக்குத் திரும்பிப் போய்விட்டார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அஸ்தி எடுக்கப் போன மனைவியை வரவேற்பறையில் இருந்த பெண், மிகுந்த மரியாதையோடுதான், வெறுங்கையோடு அனுப்பிவைத்தார். நாற்பது வருடம் குடும்பம் நடத்தியவருக்கு இல்லாத உரிமை, வருடத்துக்கு ஒருமுறை வந்துபோகிறவருக்கு இருந்தது. அவர் கையெழுத்திட்ட கடிதம் வந்து சேர்வதற்குள் அந்தியேட்டி நாள் கடந்துவிட்டது. தகனசாலையில் பிழையில்லை, அவர்கள் சட்டப்படி நடந்தார்கள். ஆகவே மனைவியோ கணவனோ இருந்தால் அவரே கையெழுத்திடட்டும். ஆங்கிலம் தெரிந்தவர் அருகில் இருந்து வாசித்துச் சொன்னால் போதும். அஸ்தியைப் பற்றிய பகுதியை வெறுமையாக விடாமல், பெற்றுக்கொள்ளக்கூடிய இன்னொருவரின் பெயரையும் எழுதிவிடுங்கள்.

உடல் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு ஆங்கிலச் சட்டம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் பதில், அது எவருக்கும் சொந்தமான சொத்து அல்ல என்பது. ஆனால் அதை என்ன செய்வது என்று தீர்மானிக்கும் பொறுப்பு மரணசாசனப் பொறுப்பாளருக்கு உண்டு. மரணசாசனம் இல்லையென்றால் வாழ்க்கைத்துணை, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர் என்ற வரிசையில் அது போகும். "என்னை எரிக்க வேண்டாம், புதையுங்கள்" என்று இறந்தவர் எழுதிவைத்திருந்தாலும் அது பொறுப்பாளரைச் சட்டப்படி கட்டாது. சம உரிமை உள்ள பிள்ளைகளுக்குள் பிணக்கு வந்து நீதிமன்றம் போனால் பணமும் நாளும் கரையும், உடல் குளிரறையில் கிடக்கும்.

மலர்ச்சாலையும் பணமும்

மலர்ச்சாலை வைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. குடும்பத்தாரே எல்லாவற்றையும் செய்யலாம். நடைமுறையில் மிகச் சிலரே செய்கிறார்கள். ஆனால் பலருக்கு வியப்பளிக்கும் ஒன்று, இங்கிலாந்தில் மலர்ச்சாலை திறப்பதற்கு அரசு உரிமம் எதுவும் தேவையில்லை என்பது. தகனசாலையைச் சட்டம் நுணுக்கமாகக் கட்டுப்படுத்துகிறது. 1902ஆம் ஆண்டின் சட்டப்படி, வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதிக்காவிட்டால் குடியிருப்புக்கு 200 யார் தூரத்துக்குள்ளும், பொதுத் தெருவிலிருந்து 50 யாருக்குள்ளும் அதைக் கட்டக் கூடாது. புகைக்கு உள்ளூராட்சியின் சுற்றுச்சூழல் அனுமதியும் வேண்டும். ஆனால் உடலை நாள்கணக்கில் வைத்திருக்கும் மலர்ச்சாலைக்கு இப்படி ஒன்றும் இல்லை. எனவே மலர்ச்சாலைகளின் தொழில்சார் சங்கம் ஒன்றில் உறுப்பினரா என்று கேளுங்கள், உடல் எந்தக் கட்டடத்தில் வைக்கப்படும் என்று கேளுங்கள், முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள். 2021ஆம் ஆண்டின் உத்தரவு ஒன்றின்படி, ஒரே மாதிரியான விலைப்பட்டியலை வாசலிலும் இணையத்தளத்திலும் காட்ட வேண்டிய கடமை அவர்களுக்கு உண்டு. வைத்தியசாலையில் யாராவது ஒரு குறிப்பிட்ட மலர்ச்சாலைக்கு உங்களைத் தள்ளினால் கவனமாயிருங்கள். அவ்வாறு ஆள் அனுப்புவதற்குப் பணம் கொடுப்பதை அதே உத்தரவு தடைசெய்திருக்கிறது.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவரே முழுப் பணத்துக்கும் பொறுப்பு. உறவினர் கூடிச் சேர்த்துத் தருவதாகச் சொல்லும் வாக்கு மலர்ச்சாலையைக் கட்டுப்படுத்தாது. யூனிவர்சல் கிரெடிட் போன்ற உதவித்தொகை பெறுபவர், தகனம் முடிந்து ஆறு மாதங்களுக்குள் அரசின் இறுதிச்சடங்குக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கலாம். தகனசாலைக் கட்டணத்தோடு ஏனைய செலவுகளுக்கு 1,000 பவுண் வரை கிடைக்கும். விசாவில் பொது நிதி பெறத் தடை உள்ளவர்கள் இதற்கு விண்ணப்பிக்கக் கூடாது. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் மரணத்தில், வருமானம் எதுவாக இருந்தாலும், 2019இலிருந்து இங்கிலாந்தில் தகனக் கட்டணம் பெற்றோரிடம் வாங்கப்படுவதில்லை.

யாருமற்று இறந்த ஒருவருக்கு, அவர் அகதி விண்ணப்பம் நிலுவையில் உள்ளவராயினும், 1984ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் 46ஆம் பிரிவுப்படி உள்ளூராட்சிச் சபை இறுதிக்கிரியை செய்தாக வேண்டும். இறந்தவர் எரிக்கப்பட விரும்பவில்லை என்று நம்பக் காரணம் இருந்தால் சபை எரிக்கக் கூடாது. நண்பர்கள் இவ்வாறான தகவலைச் சபைக்குத் தெரிவிப்பது உதவியாக இருக்கும்.

பெட்டியை மூடுவதற்கு முன்

இதய இயக்கியோ வேறு மின்கல உபகரணமோ உடலில் இருந்தால் அதை எடுத்தாக வேண்டும். உலையின் வெப்பத்தில் மின்கலம் வெடித்து உட்சுவரையே பிளந்துவிடும். வைத்தியர் எழுதும் புதிய சான்றிதழில் இதைக் குறிப்பிட இடம் இருக்கிறது, ஆனாலும் மலர்ச்சாலைக்காரர் கேட்கும்போது மறக்காமல் சொல்லுங்கள். வெடிப்பதில் நம் பங்குக்குத் தேங்காயும் உண்டு. முழுத் தேங்காயைப் பெட்டிக்குள் வைக்கப் பல தகனசாலைகள் அனுமதிப்பதில்லை. கண்ணாடிப் போத்தல், கைத்தொலைபேசி, தோற் சப்பாத்து, தடித்த பிளாஸ்டிக் ஆகியவற்றுக்கும் இடமில்லை. நெய், சந்தனக்கட்டை, கற்பூரம் எவ்வளவு வைக்கலாம் என்பது இடத்துக்கு இடம் மாறும், முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

தாலி, மோதிரம், தோடு ஆகியவற்றைக் கழற்ற வேண்டுமா என்பதைக் குடும்பம் மூடுவதற்கு முன்னரே முடிவுசெய்ய வேண்டும். தகனசாலைக்கு வந்த பெட்டியை எவரும் திறப்பதில்லை. உலைக்குள் போன பொன் திரும்பி வராது. உடல் கெடாமல் மருந்தேற்றிப் பதனிடுதல் சட்டத்தின் கட்டாயம் அல்ல. வேண்டுமா என்று கேட்டால் காரணம் கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள். உடலைக் குளிப்பாட்டவும், வேட்டியோ சேலையோ உடுத்தவும், வீட்டுக்குக் கொண்டுவந்து கிரியை செய்யவும் சட்டத்தடை எதுவும் இல்லை.

தகனசாலையில் அந்த நாற்பது நிமிடம்

பச்சைப் படிவமும் விண்ணப்பமும் வந்து சேர்ந்த பிறகு, தகனசாலையின் மெடிக்கல் ரெஃப்ரீ என்ற வைத்தியர் எல்லாவற்றையும் பார்த்து இறுதி அனுமதி தருவார். அவர் திருப்தியடையாவிட்டால், மண்டபம் நிறைய ஆட்கள் இருந்தாலும் தகனம் நடக்காது. ஆகவே அனுமதி கிடைத்ததை மலர்ச்சாலை உறுதிசெய்யும்வரை ஊரிலிருந்து வருபவர்களுக்கு விமானச்சீட்டு வாங்க வேண்டாம்.

மண்டபம் உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் முப்பது முதல் அறுபது நிமிடம். அடுத்த குடும்பம் வெளியே காத்திருக்கும். நேரம் கடந்தால் சில இடங்களில் மேலதிகக் கட்டணம் உண்டு. தேவாரமும், வாய்க்கரிசியும், ஐந்து பேரின் அஞ்சலி உரையும் அதற்குள் அடங்காது. சுண்ணம் இடித்தல், வாய்க்கரிசி, பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்தல் ஆகியவற்றை மலர்ச்சாலை மண்டபத்திலேயே காலையில் முடித்துவிட்டு வருவதுதான் இப்போது பெரும்பாலானோர் வழக்கம். உரலும் உலக்கையும் வாடகைக்குக் கொடுக்கும் நம்மவர்களும் இருக்கிறார்கள். சத்தமும் தீயும் இருக்கும் என்பதை மலர்ச்சாலைக்கு முன்பே சொல்லாவிட்டால், முதல் இடியிலேயே தீயணைப்பு எச்சரிக்கைக் கருவியைப் பார்த்தபடி ஒருவர் ஓடி வருவார்.

உலைக்குள் பெட்டி போவதைக் கண்ணால் காண விரும்பினால், அதை முன்பதிவின்போதே கேட்க வேண்டும். குறிப்பிட்ட சிலரை மட்டும் கீழே உள்ள அறைக்கு அழைத்துப் போவார்கள். அது மண்டபத்தைப் போன்ற இடமல்ல. தொழிற்சாலை போன்ற அறை. எஃகுக் கதவு, காற்றின் இரைச்சல், பெட்டியின் மேல் இருந்த பெயர்த் தகட்டைக் கையிலுள்ள அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஊழியர். அந்த அட்டை உடலோடு சேர்ந்து கடைசிவரை நகரும், சாம்பல் மாறிப்போகாமல் காப்பது அதுதான். கதவு மேலே எழும்பும்போது செந்நிற வெளிச்சம் முகத்தில் அடிக்கும். பிறகு மகனோ மகளோ சுவரில் உள்ள பொத்தானை அழுத்துவார். குடம் உடைத்துத் திரும்பிப் பாராமல் நடந்த நமக்கு, கொள்ளி வைத்தல் இங்கே ஒரு விரலளவுக்குச் சுருங்கிவிட்டது. சிறு பிள்ளைகளையும் மனம் தாங்காதவர்களையும் அழைத்துப் போக வேண்டாம் என்பது என் கருத்து.

திறந்த வெளியில் சிதை மூட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தகனம் அனுமதிபெற்ற கட்டடத்துக்குள்தான் நடக்க வேண்டும், மீறுவது குற்றம். நியூகாஸிலில் வாழ்ந்த இந்து முதியவர் தவிந்தர் காய், தனக்கு விறகுச் சிதை வேண்டும் என்று வழக்காடியபோது, நான்கு சுவரும் கூரையில் திறப்பும் உள்ள அமைப்பைக் கட்டடம் என்றே கொள்ளலாம் என்று 2010 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அவர் வென்றார். ஆனால் அத்தகைய கட்டடத்துக்கும் திட்டமிடல் அனுமதியும் சுற்றுச்சூழல் அனுமதியும் வாங்க வேண்டும் என்பதால், அந்தத் தீர்ப்பை நம்பி யாரும் உங்கள் வீட்டுச் சிதையை அடுக்கித் தர முடியாது. இதே நாட்டில் 1884ஆம் ஆண்டு, வேல்ஸின் லன்ட்ரிஸன்ட் மலையில் தன் குழந்தையின் உடலை எரித்த வில்லியம் பிரைஸ் என்ற வைத்தியர்மீதான வழக்கில்தான், பிறருக்குத் தொல்லை தராத தகனம் குற்றமல்ல என்று முதன்முதலாகத் தீர்ப்பானது. அதற்கு முன்னர் தகனம் இந்த நாட்டாருக்கு அருவருப்பான அந்நிய வழக்கம். இன்று இறப்பவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் எரிக்கப்படுகிறார்கள்.

அஸ்தி

தகனம் முடிய ஒன்றரை மணித்தியாலம் அளவில் ஆகும். ஆறிய பிறகு உலோகத் துண்டுகளைப் பிரித்து, எஞ்சிய எலும்பை இயந்திரத்தில் அரைத்துத் தூளாக்கித் தருவார்கள். இரண்டு மூன்று கிலோ இருக்கும். ஊரில் காடாத்தின்போது பால் தெளித்து எலும்பு பொறுக்கியவர்களுக்கு இந்தத் தூளைப் பார்த்ததும் ஏமாற்றமாக இருக்கும். அரைக்காமல் தர முடியுமா என்று தகனத்துக்கு முன்னரே கேட்டுப் பாருங்கள். பின்னர் கேட்டுப் பயனில்லை. இடுப்பு மூட்டு போன்ற உலோகங்களை உருக்கி மறுபயன்பாட்டுக்கு அனுப்பச் சம்மதமா என்ற கேள்வியும் விண்ணப்பத்தோடு வரும்.

ஆற்றில் கரைக்க உரிமம் தேவையில்லை. கரை தனியாருடையது என்றால் அவருடைய அனுமதி வேண்டும். குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேற்புறமாக ஒரு கிலோமீட்டருக்குள் கரைக்க வேண்டாம், மீன்பிடிப்போரும் குளிப்போரும் உள்ள இடத்தைத் தவிருங்கள், மாலையின் நூலையும் பிளாஸ்டிக்கையும் நீரில் போடாதீர்கள் என்று சுற்றுச்சூழல் முகவரகம் அறிவுறுத்துகிறது. லெஸ்டர்ஷயரில் பாரோ அபொன் சோர் என்ற ஊரில் சோர் ஆற்றில் இந்துக்கள் பல வருடங்களாக அஸ்தி கரைக்கிறார்கள். கார்டிஃபில் டாஃப் ஆற்றங்கரையிலும் 2021இல் இதற்கென்றே ஒரு மேடை அமைந்தது.

கீரிமலைக்கோ இராமேஸ்வரத்துக்கோ கொண்டுபோவதாக இருந்தால் தகனச் சான்றிதழ், மரணச் சான்றிதழ், மலர்ச்சாலையின் கடிதம் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் ஊடுகதிர் புகாத பாத்திரத்தை உள்ளே விடமாட்டார்கள். ஆகவே பித்தளைக் குடத்தை ஊரில் வாங்கிக்கொள்ளலாம், இங்கிருந்து மரத்திலோ அட்டையிலோ ஆன கலசம் போதும். விமான நிறுவனத்தையும், நீங்கள் செல்லும் நாட்டின் தூதரகத்தையும் பயணத்துக்கு முன் கேளுங்கள். எரிக்காமல் உடலையே ஊருக்கு அனுப்புவதென்றால் அது வேறு பாதை: கொரோனருக்கு அறிவித்து அவருடைய அனுமதிக் கடதாசியைப் பெற வேண்டும், அதற்கு நான்கு முழு நாள்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன, பதனிடுதலும் துத்தநாகப் பெட்டியும் அங்கே தவிர்க்க முடியாதவை.

அஸ்தியை உடனே எடுக்க முடியாதவர்கள் தகனசாலையில் வைத்திருக்கச் சொல்லலாம். ஒரு மாதத்துக்கு மேல் போனால் கட்டணம் கேட்கும் இடங்கள் உண்டு. எடுப்பதாகச் சொல்லிவிட்டு எவரும் வராமல் விட்டால், விண்ணப்பதாரருக்குப் பதினான்கு நாள் அறிவித்தல் கொடுத்த பிறகு, தகனசாலை அதைத் தன் தோட்டத்தில் மரியாதையோடு புதைக்கவோ தூவவோ சட்டம் அனுமதிக்கிறது. அந்த அறிவித்தல் கிரிமேஷன் 1 படிவத்தில் எழுதிய முகவரிக்குத்தான் போகும். செத்தவீடு முடிந்து வாடகை வீடு மாறுபவர்கள், மின்சார நிறுவனத்துக்கும் வங்கிக்கும் புதிய முகவரியை அறிவிக்கும்போது தகனசாலைக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.